ஒரு டப்பா போதும்

"பொடி போட்டிருக்கேனா இல்லையான்னே தெரியலையே," என்றாள் ஹில்டா, பித்தளைத் தோட்டாக் கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபடி. அடியில் மூக்குப்பொடிச் சிட்டிகை மாதிரி ஏதோ ஒட்டிக் கிடந்தது.

"அதான் சொல்றேன். மறந்துபோய் ரெண்டாந்தரம் ஊத்தினாலும் தெரியாது. துப்பாக்கி வெடிச்சுக் கையோட போயிடும்." லீலண்ட் மூச்சு வாங்கினார். "அதைத் தள்ளி வை. அடுத்தது."

சமையலறை மேசைமேல் மூன்று துப்பாக்கிப் பொடி டப்பாக்கள். முன்னறையில் போட்டிருந்த புருஷனின் கட்டிலை, கதவு வழியே மேசை தெரியும்படி அவளே திருப்பிவிட்டிருந்தாள். புற்று அவருடைய இரண்டு நுரையீரலையும் தின்று முடித்திருந்தது. மூக்கில் குழாய், கட்டிலடியில் முனகும் ஆக்ஸிஜன் இயந்திரம்.

காலையில் வந்த நர்ஸ் மார்லிஸ் அந்த டப்பாக்களைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். "ஆக்ஸிஜன் ஓடுற வீட்ல வெடிமருந்தா? இன்னிக்கே வெளிய போகணும். இல்லேன்னா நான் போறேன்."

"உனக்கு முன்னாடி நான் போயிடுவேன், கவலைப்படாதே," என்றார் லீலண்ட். மார்லிஸ் சிரித்துவிட்டாள். ஹில்டா சிரிக்கவில்லை.

எந்தப் பொடி ஹில்டாவுக்கு என்று முடிவாகாமல் ஒரு டப்பாவும் நகரக்கூடாது என்று லீலண்ட் பிடிவாதம் பிடித்தார். மார்லிஸ் போனதும் ஆரம்பித்தது இது.

கல்யாணமான நாளிலிருந்து ரிவால்வர் தோட்டாக்களை அவரேதான் நிரப்பிவந்தார். ஒருநாள் ஒரு கிடாரி அவள் வலது மணிக்கட்டை வேலியோடு சேர்த்து நசுக்கியது. அதற்கப்புறம் கடைத் தோட்டாவைச் சுட்டால் உதைப்பு எலும்புக்குள் இறங்கியது. கோழிக்கூண்டில் சுருண்டு கிடக்கும் கிலுகிலுப்பைப் பாம்புக்கு, கால் முறிந்து எழமுடியாத ஆட்டுக்கு என்று அவளுக்காகச் சாதுவான தோட்டாக்கள் செய்தார். ஓநாய் நரிக்கு அவருடையது கொஞ்சம் காரமானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொடி.

"மூணு பொண்டாட்டி கட்டினவன் மாதிரி மூணு டப்பா வச்சுக்கிட்டு மாரடிச்சேன். உனக்கு ஒண்ணு போதும்."

"எனக்கு உன்னை ஒருத்தனைக் கட்டினதே போதும், கிழவா."

இரண்டாவது டப்பாவையும் அவரே வேண்டாமென்றார். நிறையப் போட்டால்தான் அது ஒழுங்காக எரியும். கொஞ்சமாய்ப் போட்டால் துப்பாக்கிக் குழாயெல்லாம் கரி. மூன்றாவது பொடி உமி மாதிரி இருந்தது. ஒரு கரண்டிக்கே கூடு பாதிக்குமேல் நிறைந்தது.

"இப்ப தப்பு பண்ணு. இன்னொரு கரண்டி போடு."

போட்டாள். விளிம்பு தாண்டி மேசைவிரிப்பில் வழிந்தது.

"பாத்தியா? தப்பு பண்ணினா அதுவே சொல்லிடும். காரமா சுடாது. நரி கொஞ்சம் கிட்ட வரணும், அவ்வளவுதான். மத்ததுக்கெல்லாம் ஆகும்." கண்ணை மூடிக்கொண்டார். "குளிர்காலத்துல தனியா இருப்பே. சமாளிச்சுக்குவேன்னு எனக்குத் தெரியணும்."

ஹில்டா வழிந்த பொடியை உள்ளங்கையால் கூட்டினாள். மெதுவாகக் கூட்டினாள். பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் கேரினிடம் வந்துவிடுகிறேன் என்று அவள் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆடுகளுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. இவரிடம் மட்டும் சொல்லவில்லை.

"சரியா, கிழவி?"

"சரி."

"எந்த டப்பா? சொல்லு."

"உமி மாதிரி இருக்கிறது."

"ம்." முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. "மூணையும் பம்ப் கொட்டகையில வச்சிட்டு வா, உன்னோடதைத் தனியா வை. இல்லேன்னா அந்தப் பொம்பளை என்னைத் தின்னுடுவா."

வெளியே காற்று மண்ணை வாரி இறைத்தது. கொட்டகைக்குள் டப்பாக்களைப் பலகையில் வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள். திரும்பிப்போய் எப்படி ஆரம்பிப்பது? 'லீலண்ட், கேரின் சொல்றா' என்றா? 'மணிக்கட்டு ஒத்துக்கலை' என்றா? வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் சரிப்படவில்லை. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

உள்ளே வந்தபோது இயந்திரம் அதே முனகலோடு ஓடிக்கொண்டிருந்தது. அது தரும் காற்றை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. லீலண்டின் வாய் திறந்திருந்தது. தலை சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் முதலில் இயந்திரத்தை நிறுத்தினாள். பிறகு அவர் கன்னத்தில் பதிந்த குழாய்த் தடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். அது போகவில்லை.

மத்தியானத்துக்குமேல் கேரின் வந்தாள். அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டு, அழுது, முகம் கழுவிவிட்டு வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இல்ல. வெளிய இருந்தேன்."

கேரின் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டாள். "அவர்கிட்ட சொல்லிட்டியாம்மா? நீ என்கூட வர்றதை?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. நிம்மதியாப் போயிட்டார்."

ஹில்டா மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

பிணவண்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள், லீலண்டைப் படியில் மெதுவாக இறக்கினார்கள். "கையெழுத்து வேலை ஊர்லதான்," என்றார் மூத்தவர். "மகள் வந்தாலே போதும்."

"அம்மாவும் வர்றாங்க," என்றாள் கேரின். "இன்னிக்கு ராத்திரி அங்கேயே ரூம் போட்டுத் தங்கிக்கலாம்மா. அப்படியே பில்லிங்ஸ். இந்த வீட்ல உன்னைத் தனியா விடமாட்டேன். கோட்டை எடுத்துக்கோ."

ஹில்டா கோட்டை மாட்டிக்கொண்டாள். காரில் ஏறாமல் முன்னால் நடந்துபோய்ப் பண்ணையின் இரும்புக் கதவைத் திறந்தாள். காற்று அதை அடித்துச் சாத்தப் பார்த்தது. இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றாள். பிணவண்டி அவளைத் தாண்டிப் போனது. பின்னாலேயே கேரினின் கார் வெளியே வந்து நின்றது. கேரின் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறும்மா. குளிருது."

ஹில்டா இரும்புக் கதவை இழுத்து, உள்பக்கமாக நின்று, சங்கிலியைக் கொக்கியில் மாட்டினாள். வலது கை ஒத்துழைக்கவில்லை. இடது கையால் மாட்டினாள்.

"அம்மா?"

ஆடுகள் தீவனத்துக்காக வேலியோரம் வந்து கத்த ஆரம்பித்திருந்தன.