அகிலாண்டேஸ்வரியின் கேள்வி

பால்வண்ணநாதனுக்குச் சொற்பொழிவு என்றால் தூக்கம். இதை அவரே ஒத்துக்கொள்வார். மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டில், பல்கலைக்கழக நூலகத்தின் கிளை ஒன்று இருக்கிறது. அதன் மாடி ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொதுமக்களுக்காகச் சொற்பொழிவு வைப்பார்கள். பேச்சாளர் மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து வணக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் இவருக்குக் கண் சொக்கிவிடும். காலமெல்லாம் மின்வாரிய அலுவலகத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்த்த உடம்பு. ஃபேன் காற்றும் ஏறாமல் இறங்காமல் ஒரு குரலும் சேர்ந்து கிடைத்தால் அது வேறென்ன செய்யும்?

அவர் போனது மனைவிக்காக. அகிலாண்டேஸ்வரிக்குப் பேச்சுக் கேட்கப் பிடிக்கும். ஆனால் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் சேலை மடிப்புக் கலைந்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் இவர் முதலில் போய், மூன்றாவது வரிசையில் ஃபேனுக்கு நேராக இரண்டு நாற்காலி பிடிப்பார். ஒன்றில் இவர், பக்கத்தில் இவருடைய துண்டு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊரில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டாலும், "பின்னால வருதா" என்று, அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்ற அர்த்தத்தில், ஒரே பதில்தான். பேச்சு ஆரம்பித்த பிறகு அவள் மினிபஸ்ஸில் வந்து இறங்கி, வளையல் சத்தத்தோடு வரிசைக்குள் நுழைந்து, துண்டை எடுத்து மடித்து இவர் மடியில் வைத்துவிட்டு உட்காருவாள். அதற்கப்புறம் இவர் நிம்மதியாகத் தூங்குவார்.

கேள்வி நேரம் வந்தால் எழுப்பிவிடுவாள். ஏனென்றால் முதல் கேள்வி அவளுடையது.

"எல்லாம் நல்லா இருந்துச்சு சார். அவரு வீட்டம்மா பேரு என்ன?"

குளம் வெட்டியவர், கோயில் கட்டியவர், மருந்து கண்டுபிடித்தவர் என்று யாரைப் பற்றிப் பேசினாலும் இதுதான் கேள்வி. பேச்சாளர்கள் தண்ணீர் குடித்தார்கள், குறிப்புத் தாளைப் புரட்டினார்கள். ஒருவர், "அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை அம்மா" என்றார். "பிள்ளைங்க நாலு பேருன்னு சொன்னீங்களே சார், அதுக்கு மட்டும் எங்கேருந்து ஆதாரம் கிடைச்சுது?" என்று கேட்டாள். ஹாலே சிரித்தது. ஒருமுறை வில்லுப்பாட்டு வைத்தபோது வில்லுக்காரரையும் விடவில்லை. அவர் கதைநாயகனை மறந்து தன் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். அதிலிருந்து நூலகர் ஞானதுரை, பேச்சாளர்களுக்கு போன் செய்யும்போது தேதியையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, "வீட்டம்மா பேரை மட்டும் பாத்துட்டு வந்துருங்க சார், இங்க ஒரு அக்கா கேப்பாங்க" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். நன்றியுரையிலும், "முதல் கேள்வி கேட்ட அகிலாண்டேஸ்வரி அக்காவுக்கும் நன்றி" என்று ஒரு வரி. நன்றியுரையை எந்த ஊரில் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? எல்லோரும் டீக்கு எழுந்துவிடுவார்கள். அந்த வரிக்காக அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

போன தை மாதம் பெங்களூரில், மகள் சண்முகப்பிரியா வீட்டில், அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. காரியமெல்லாம் அங்கேயே முடிந்தது. ஊராக இருந்தால் விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவருக்குச் சுவர் சிரித்துக்கொண்டிருக்கும். சண்முகப்பிரியா, "அம்மாவுக்கு அதெல்லாம் பிடிக்காதுப்பா" என்று சொல்லிவிட்டாள். அங்கேயே இருந்துவிடச் சொல்லியும் கேட்காமல் மாசியில் இவர் தனியாக மேலகரம் திரும்பினார்.

தெருவுக்கு விஷயம் தெரியும். அதுதான் தொந்தரவாக இருந்தது. இவர் கேட்டைத் திறந்தாலே பேச்சு நின்றுவிடும். எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். சாம்பார் வரும், கூடவே "பாவம்" என்று ஒரு பார்வையும் வரும். அவள் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் இவர் உடைந்துவிடுவாராம். அவள் பெயரைக் கேட்பதற்கு இவர் ஏங்கிக்கொண்டிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த மாதச் சொற்பொழிவுக்குப் போனது, வீட்டில் இருக்க முடியாமல்தான். போனதும் சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். படியிலேயே ஞானதுரை நின்றார். அவர் நெல்லையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், மேலகரத்துத் தெருக்கதை எதுவும் அவருக்கு எட்டாது. ஹாலுக்கு வழக்கமாக வருகிற மற்றவர்களும் வேறு தெரு, வேறு ஊர்.

"வாங்க அண்ணாச்சி. ரெண்டு மாசமா ஆளையே காணோம். அகிலாக்கா எங்க?"

"பின்னால வருதா" என்றார் பால்வண்ணநாதன்.

சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொன்னது. சொன்ன பிறகு போய்த் துண்டைப் போட்டார். அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சு தொடங்கும்போதும் முடிந்த பிறகும் டீ கொண்டுவரும் முகம்மது இஸ்மாயில் வழக்கம்போல இரண்டு டீயோடு வந்து, "அக்கா வந்தா ஆறிப்போயிருக்கும், சூடா வேற தாரேன்" என்று அவள் நாற்காலிக்கு அடியில் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். இவர் தன் டீயைக் குடித்தார். பிறகு யாரும் பார்க்காதபோது அவளுடையதையும் குடித்தார். கிளம்பும்போது, "அவளுக்கு வர முடியல போல" என்றார். "அடுத்த மாசம் கண்டிப்பா வரச் சொல்லுங்க" என்றார் ஞானதுரை.

பொய்தான். நியாயம் சொல்ல வழியில்லை. ஆனால் இந்த ஊரில் அவள் இன்னும் சாகாமல் இருந்த இடம் அந்த ஹால் ஒன்றுதான். அங்கே அவளுக்கு நாற்காலி இருந்தது, டீ இருந்தது, "அக்கா எங்க" என்று கேட்க ஆள் இருந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதாமாதம் அவர் துண்டைப் போட்டுக்கொண்டே போனார். அதை எடுத்துவிட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிக்க வந்த கூட்டம் ஈரத்தலையும் பிளாஸ்டிக் பையுமாக ரோட்டில் அலைந்து, மழைக்கு ஒதுங்க இடம் தேடி, நூலக வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்து மாடி ஏறிவிட்டது. அந்த ஹால் நிறைந்ததை அன்றுதான் பார்த்தார்கள். ஞானதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை. பேச்சாளர் குமரகுரு, சிவகிரிக்காரர், கல்லூரிப் பேராசிரியர். பழைய ஓலைச்சுவடிகளைப் பிரதி எடுத்தே வாழ்ந்து முடித்த சங்கரமூர்த்திக் கவிராயர் என்ற ஒருவரைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

"இங்கன ஆள் இருக்கா?" ஈரச் சேலையைப் பிழிந்து செருகியிருந்த ஒரு பெண்மணி கேட்டாள். அகிலாண்டேஸ்வரி வயது இருக்கும்.

"வருதாங்க."

அவள் சுவர் ஓரமாய்ப் போய் நின்றாள். ஒரு காலில் பாரம் போட்டு, அது வலித்ததும் மறுகாலுக்கு மாறினாள். பின்னால் இருந்தவர்கள் துண்டையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஞானதுரை வந்து குனிந்து, "அண்ணாச்சி, அக்கா வந்தா என் சேரைத் தாரேன். அந்த அம்மா இருக்கட்டுமே" என்றார்.

"இப்ப வந்துருவா, துரை."

தன்மேல் அவருக்கே எரிச்சல் வந்தது. நிற்கிறவள் உயிரோடு நிற்கிறாள், கால் வலியோடு நிற்கிறாள். ஆனாலும் கை துண்டின் பக்கம் போக மறுத்தது.

குமரகுரு நன்றாகத்தான் பேசினார். முடித்ததும் ஞானதுரை, "கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றார். கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த நேரத்து மௌனம் ஒன்றுதான். ஞானதுரை வாசலைப் பார்த்தார். குமரகுரு சிரித்துக்கொண்டே, "ஒரு கேள்விக்கு மட்டும் நான் தயாராத்தான் வந்திருக்கேன். அதைக் கேக்கிற அம்மா வரலையா?" என்றார்.

அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போய்விடும் போலிருந்தது. பால்வண்ணநாதன் எழுந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த ஹாலில் அவர் எழுந்து பேசியதே இல்லை.

"அவரு வீட்டம்மா பேரு என்ன சார்?"

வழக்கமாக வருகிறவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். குமரகுருவும் சிரித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நாச்சியார். இந்த ஒரு பேருக்காகப் புளியறைக்குப் போனேன் சார். கவிராயரோட பேத்தி வழியில ஒரு குடும்பம் அங்கன இருக்கு. எழுத வாகா ஓலையை வாரித் திருத்தி, மஞ்சள் தடவி, அடுக்கிக் கட்டிக் குடுத்ததெல்லாம் அந்த அம்மாதானாம். ஆனா அவங்க எப்ப இறந்தாங்கன்னு யாருக்கும் தெரியல. கவிராயருக்குக் குருபூஜை நடக்குது. அந்த அம்மாவுக்குன்னு ஒரு நாள் இல்ல. போனதை யாரும் சொல்லி வைக்கல."

பால்வண்ணநாதன் உட்காரவில்லை. உட்காரவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"கேக்கிறது ஒரு அம்மான்னு சொன்னாங்க, இப்ப நீங்க கேக்கீங்க" என்றார் குமரகுரு, சிரிப்பு மாறாமல். "உங்க வீட்டம்மாவா சார்? அவங்க பேரு என்ன?"

"அகிலாண்டேஸ்வரி."

ஹாலில் மைக் வழியாக இல்லாமல் வெறும் குரலில் அந்தப் பெயர் கேட்டது. எவ்வளவு நாளாயிற்று அதை வாய்விட்டுச் சொல்லி.

"இன்னைக்கு வரலையா?"

பின்னால வருதா என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுவர் ஓரத்துப் பெண்மணி கால் மாற்றி நின்றாள். ஞானதுரை இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஹாலில் அவளுக்காக அழக்கூடியவர்கள் இருந்தார்கள். இவர் அவர்களை அழவிடாமல் வைத்திருந்தார். அவள் போனதை இவரும் சொல்லி வைக்கவில்லை.

"வரமாட்டா சார்" என்றார். "தை மாசம் பெங்களூர்ல தவறிட்டா. நான்தான் இங்க சொல்லல."

குமரகுருவின் கையில் மைக் அப்படியே நின்றது. பால்வண்ணநாதன் குனிந்து துண்டை எடுத்தார். அவள் மடிப்பதுபோல நான்காக மடிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி, "வாங்கம்மா, வந்து இருங்க" என்றார். அந்தப் பெண்மணி தயங்கித் தயங்கி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஞானதுரை நன்றியுரைக்கு எழுந்தார். அன்று யாரும் டீக்கு எழவில்லை. பல்கலைக்கழகத்துக்கும் பேச்சாளருக்கும் மைக் செட்காரருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தவர், "முதல் கேள்வி கேட்ட அகிலாண்டேஸ்வரி..." என்று வழக்கமான வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். "அக்காவுக்கு" என்று மட்டும் சொன்னார். மீதியைச் சொல்ல அவரால் முடியவில்லை.

பிறகு எல்லோரும் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள். "ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி" என்று ஞானதுரை அழுதார். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், தெருவில் பேசுகிற அதே குரலில். சாரல் ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் விலகியதும் இஸ்மாயில் தட்டோடு மூன்றாவது வரிசைக்கு வந்தார். பால்வண்ணநாதன் தட்டைப் பார்த்தார்.

அதில் ஒரு டீதான் இருந்தது.