கையளவு கடல்

“அலமாரியத் தொடாதீங்கப்பா, நான் இன்னும் பாக்கல!” என்று அரபா கத்தியதும், தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள்.

அவள் கணவர் எக்கோ அன்று காலை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார். எண்பது வயது, ஒருநாள் படுத்ததில்லை. உடலைப் பிணவறைக்கு அனுப்பிய கையோடு, துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று அவருடைய தங்கை மான்சா தேவாலயத்து ஆட்களை வைத்து வீட்டை ஒழிக்கத் தொடங்கிவிட்டாள்.

அரபாவின் கவலை வேறு. சனிக்கிழமை வந்தால் மனிதர் வீட்டில் ஏதாவது ஒன்றை மாற்றி வைப்பார். கடிகாரத்தை முழங்கால் உயரத்தில் மாட்டுவார். சாப்பாட்டு மேசையை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோவார். ஒருமுறை பிஷப்பின் படம் குளியலறையில் தொங்கியது. “பாத்ததையே பாத்துட்டிருந்தா கண்ணுக்குத் தூக்கம் வந்துரும்” என்பார். பொழுது சாய்வதற்குள் அவள் கண்டுபிடித்துவிட்டால் அன்று அவர் சமையல். நாற்பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. இன்றும், “மாத்தியாச்சு அரபா, தேடு” என்று சிரித்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

இவர்கள் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டால் அவர் மாற்றியது எதுவென்று எப்படித் தெரியும்? அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணி, எல்மினா ஊரே வாசல்ல நிக்குது. பூச்சாடிக்குள்ள என்ன தேடுறீங்க?”

“உங்கண்ணன் வேலையத்தான்.”

மான்சா குரலைத் தாழ்த்தினாள். “உயிலா?”

“அந்த மனுஷனா? உயில் எழுதினாலும் தலைகீழாத்தான் எழுதுவாரு.”

மான்சாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துக்கத்துக்குக் கட்டியிருந்த சிவப்புத் துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

கூடம் காலியானது. கடிகாரம் சரி, படங்கள் சரி, அடுப்படியும் சரி. ஒன்றும் அகப்படவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“போய்க் கொஞ்சம் சாயுங்க, நான் பாத்துக்கறேன்” என்று மான்சா அவளைப் படுக்கையறைக்குள் தள்ளினாள்.

காலையில் எழுந்து வந்தபின் அரபா அந்தப் பக்கமே போகவில்லை. வழக்கம்போலச் சுவரோரம் படுத்தாள். தலையணையில் அவருடைய தைல வாசனை. சட்டென்று எழுந்து பார்த்தாள். அவளுடைய நீலத் தலையணை ஜன்னலோரம் கிடந்தது. அவளுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட அவர் விட்டுத்தராத இடம்.

அவள் சிரித்த சிரிப்பில் மான்சா பதறி ஓடிவந்தாள். “அண்ணி! என்னாச்சு?”

“கண்டுபிடிச்சிட்டேன். இன்னும் பொழுது சாயல, நீதான் சாட்சி.”

மான்சா கட்டிலைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “சரி, சரி. காலையிலேருந்து பல்லுல பச்சத்தண்ணி படல. வேர்க்கடலை சூப் கொண்டு வரவா?”

“வேணாம். இன்னிக்குச் சமையல் உங்கண்ணனோடது.”

மான்சா போனதும் அரபா ஜன்னலோரம் நகர்ந்து படுத்தாள். துணிக்கொடிக்கு மேலே, கையளவு கடல் தெரிந்தது. ஒரு படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து கடல் தெரியும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.