மடிக்கணினிக்கு ஒரு மெத்தை

"டீச்சர், உங்க வீட்ல மிக்ஸி ஓடுதா?"

திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த ஆறு முகங்களில் ரெட்டைச் சடை போட்ட முகம்தான் கேட்டது. பாடம் நடத்திக்கொண்டிருந்த அவள் அப்போதுதான் ஒரு வட்டத்தை ஐந்தாக வெட்டி, இரண்டு பங்குக்கு நிறம் தீட்டி முடித்திருந்தாள். "மிக்ஸி இல்லம்மா, லேப்டாப்தான்" என்று சொல்லிச் சிரித்து வைத்தாள். சிரிப்பு உதட்டோடு சரி. மடியில் இருந்த இயந்திரம் சுரத்தே இல்லாமல் பத்து நிமிடம் கிடக்கும். பிறகு யாரோ சீண்டிவிட்டதுபோல அதன் உள்விசிறி எகிறும். கீச்சென்று ஆரம்பித்து, ஊளையாகி, தொண்டை கிழியக் கத்தி, தானாகவே அடங்கும். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எகிறும். இவளும் ஏறக்குறைய அதே ஜாதிதான் என்று அப்பா சொல்வார். விசிறி கத்த ஆரம்பித்தால், வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே, "என்ன, படிச்சவளோட ப்ளைட் கிளம்பிடுச்சா?" என்று கேட்பது அவர் வழக்கம். 'படிச்சவ' என்பது வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான் என்பதால், பெருமைக்கும் அதே பெயர்தான், திட்டுக்கும் அதே பெயர்தான்.

வகுப்பு முடிந்த அரை மணி நேரத்தில் மேடம் கூப்பிட்டார். இணையவழி டியூஷன் நிறுவனத்தில் இவளைப்போல நாற்பது ஆசிரியர்களுக்கு அவர் மேற்பார்வை. நேரில் பார்த்ததில்லை, தேன் தடவிய குரலை மட்டும் தெரியும்.

"இது மூணாவது கம்ப்ளெயின்ட்பா. நீங்க நல்லா நடத்தறீங்க, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா பேரன்ட்ஸ் கேக்கறாங்களே. உட்கார வேற ரூம் இல்லையா?"

"இருக்கு மேடம். அதுல அடுப்பு இருக்கு."

"வெள்ளிக்கிழமை நாலு மணி கிளாஸ்ல நானே உட்கார்றேன். அன்னிக்கும் இப்படி இருந்தா, சாரி, பசங்கள வேற டீச்சருக்கு மாத்திடுவேன்."

மாத்திடுவேன் என்றால் வேலை போச்சு என்று அர்த்தம். அன்று திங்கட்கிழமை. படித்து முடித்து பதினோரு மாதம் அலைந்து கிடைத்த வேலை இது. கைபேசியைக் கட்டிலில் விட்டெறிந்தாள். நாலடி தள்ளித் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "தலையணை மேல எறி. தரையில விழுந்தா அதுக்கும் சேத்து அழுவே" என்றாள்.

இருப்பது இரண்டு அறை. பின்னறையில் அடுப்பு. முன்னறையில் ஒரு கட்டில், அம்மாவின் இயந்திரம், ஒரே ஒரு மேசை. மேசையில் எந்நேரமும் துணி விரிந்திருக்கும். அதில்தான் வெட்ட வேண்டும். பள்ளிச் சீருடை தைப்பது அம்மாவின் பிழைப்பு. அதனால் படிச்சவளின் வகுப்பறை கட்டில்தான். சுவரில் சாய்ந்து, காலை மடக்கி, மடியில் மடிக்கணினி. கேமராவுக்குத் தெரிவது அவளும் வெறும் சுவரும் மட்டும். கட்டிலுக்கு எதிரே துணிக்குவியலின் நடுவே அம்மா உட்கார்ந்திருப்பதை அந்த ஆறு பிள்ளைகளும் பார்த்ததே இல்லை.

முதலில் இரைச்சலை வடிகட்டும் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தாள். வடிகட்டுகிற வேலையும் அந்தக் கணினியின் தலையிலேயே விழ, அது இன்னும் சூடாகி இன்னும் கத்தியது. செவ்வாயன்று பையில் போட்டுக்கொண்டு கணினி பழுதுபார்க்கும் சர்வீஸ் அக்காவின் கடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் மட்டும் திரும்பக்கூடிய கடை. அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடிமூடியை நீக்கினாள். விசிறியிலிருந்து இடுக்கியால் ஒரு கொத்துப் பஞ்சை உருவி எடுத்தாள். கருநீலம்.

"வீட்ல யாராச்சும் தைக்கிறாங்களா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல தாயே. நூல் தூசி. எதுக்கு மொறைக்கிறே?"

அக்கா சுத்தம் செய்தாள். காய்ந்து பாளம் பாளமாகியிருந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டு, சூட்டைக் கடத்தும் புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்து மூடினாள். கடை மேசையில் அரை மணி நேரம் ஓடியது, ஊமைபோலக் கிடந்தது. வீட்டுக்கு வந்து மடியில் வைத்தாள். பன்னிரண்டாவது நிமிடம் ஊளை.

புதன்கிழமை போனபோது கடைக்குள் காலை வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "தூசியத் தட்டிக் குடுக்கறதுக்கு எனக்கு நீங்க எதுக்குக்கா? அத நானே ஊதிக்க மாட்டேனா? ஏமாந்தவன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

அக்கா அசரவில்லை. வாயில் இருந்த திருகை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, "கத்தி முடி, காத்திருக்கேன்" என்றாள். அவள் முடித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினாள். விசிறியின் வேகம் ஒரு கோடாக வரைந்திருந்தது. அறுபத்தைந்து டிகிரி வரைக்கும் தரையோடு தரையாகக் கிடந்து, அங்கிருந்து செங்குத்தாக எகிறியது அந்தக் கோடு. "பாத்தியா? அறுபத்தஞ்சு வரைக்கும் எல்லாத்தையும் அடக்கி வெச்சுக்குது, அப்புறம் வெடிக்குது. அம்பதுலயே மெதுவா சுத்த ஆரம்பிச்சுட்டா இந்தக் கூப்பாடே வேணாம்." கோட்டைப் பிடித்து இழுத்துச் சாய்வாக்கினாள். பிறகு வேறொரு கட்டத்தில் வேகத்தின் உச்சவரம்பு நூறு சதவீதம் என்றிருந்ததைத் தொண்ணூற்றொன்பது ஆக்கினாள். அதற்கப்புறம் அந்த இயந்திரம் தன் சக்திக்கு மீறி முண்டாது என்றாள். சூடு சட்டென்று பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கியது.

"ஒரு பர்சன்ட்தானா?"

"அந்த ஒண்ணுக்குத்தான் இத்தனை ஆட்டமும்."

அன்று மாலை வகுப்பின்போது அம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தாள்; பாதி நேரம் சத்தமே இல்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் முனகல். முப்பதில் அதே பழைய ஊளை. அம்மா திரும்பிப் பார்த்து 'இன்னுமா?' என்று புருவத்தால் கேட்டாள்.

வியாழன் காலையில் அக்காவைக் கைபேசியில் பிடித்து, "இப்பவும் கத்துதுக்கா" என்றாள். வாதாடத் தெம்பில்லை. அக்கா கொஞ்சம் யோசித்தாள். "என் மேசையில கத்தல, உன் வீட்ல கத்துது. அப்ப கோளாறு மெஷின்ல இல்ல. வீட்ல எப்படி வெச்சு ஓட்டுவியோ, அதெல்லாம் அப்படியே தூக்கிட்டு வா."

சார்ஜர், மவுஸ், மவுஸுக்கடியில் வைக்கும் அட்டை, எல்லாவற்றையும் கடை மேசையில் பரப்பினாள். கடைசியாக, மடியில் கணினிக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மெத்தையைப் பையிலிருந்து உருவி வைத்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்தாள்.

அக்கா மெத்தையைப் பார்த்தாள். சீருடைத் துணியில் தைத்த கருநீல மெத்தை; ஓரத்தில் வெள்ளைப் பட்டை, சுற்றிலும் சுருக்கு, வலது பக்கம் பேனா வைக்க ஒரு குட்டிப் பை. உள்ளே நல்ல கனத்த ஸ்பாஞ்சு. மடிக்கணினி அதில் இரண்டு விரல்கடை அமிழ்ந்து, சொகுசாகப் படுத்திருந்தது. அக்கா மடிக்கணினியைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்புறத்தில் வரிசை வரிசையாகக் காற்றுத் துளைகள். மெத்தையைத் தொட்டுக் காட்டினாள். நாலு மாதம் அழுந்தி அழுந்தி, அந்தத் துளைகளின் வரிசை மெத்தைத் துணியில் பல் பதிந்ததுபோலத் தெரிந்தது.

"இது மூச்சு விடற வழி கண்ணு. நீ மூக்கப் பொத்திட்டு, ஏன்டா கத்தறேன்னு கேக்கறே."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வருடம் இயற்பியல் படித்தவள் அவள். வெப்பச்சலனத்தை விளக்குக, பத்து மதிப்பெண். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பத்துக்கு ஒன்பதரை வாங்கியவள். தூசியைத் திட்டினாள், மடிக்கணினியை விற்றவனைத் திட்டினாள், அக்காவைத் திட்டினாள், மேடத்தை மனதுக்குள் எத்தனை விதமாகத் திட்டினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை. "நேத்து கத்தினதுக்கு..." என்று இழுத்தாள். "போ போ, அம்பதுலேர்ந்து மெதுவா ஆரம்பி" என்று அக்கா கையை வீசினாள்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் மெத்தை பையில் இடித்துக்கொண்டே வந்தது. அது வீட்டுக்கு வந்தது, அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். மடிக்கணினியின் சூட்டில் தொடையில் சிவப்பாக ஒரு தடிப்பு கண்டிருந்தது. உடை மாற்றும்போது அம்மா அதைப் பார்த்தாள். மறுநாள் கட்டிலில் இந்த மெத்தை கிடந்தது. 'பொண்ணு கணக்கு டீச்சர், பேனா வைக்க எடம் வேணாமா' என்று அந்தப் பைக்குக் காரணம் சொன்னாள். அப்படிப்பட்ட மெத்தைதான் வேலைக்கு உலை வைத்தது என்று எந்த வாயால் சொல்வது? படிச்சவளுக்கு எதையும் பூசி மெழுகிச் சொல்லி வழக்கமில்லை. பட்டென்று உடைத்துத்தான் பழக்கம்.

வீட்டில் அம்மா பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசி. "சரியாச்சா?" என்று ஊசியோடு கேட்டாள்.

அவள் மெத்தையை எடுத்து மேசையில் வைத்தாள். மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். "அம்மா, இதுல ஒரு ஆல்ட்ரேஷன் பண்ணணும்."

"ஏன், இறுக்குதா?"

"மூச்சு முட்டுதாம்."

"அப்ப கழுத்த எறக்கிடலாம்" என்று சிரித்தவள், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். மடிக்கணினியை வாங்கித் திருப்பினாள். துளைகளை விரலால் தடவினாள். மெத்தையின் தடத்தைத் தடவினாள். துணியைப் படிக்கத் தெரிந்த கை, யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஊசியை வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தி வைத்தாள்.

"நாலு மாசமா நான்தான் உன் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டிருந்தேனா?"

"நீ தச்சது தப்பில்ல. நான் திருப்பிப் பாக்காததுதான் தப்பு."

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "இத உங்கப்பா வந்ததும் இன்னொரு தடவ சொல்லு. நான் சொன்னா அந்த மனுசன் நம்ப மாட்டார்."

மேசையைக் காலி செய்து தருகிறேன் என்றாள் அம்மா. வேண்டாம் என்று இவள் மறுத்துவிட்டாள். வெள்ளி மாலை ஆறு மணிக்கு முப்பது சட்டை கொடுத்தாக வேண்டும். அளவு நாடாவை எடுத்து அம்மா மடிக்கணினியைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தாள். துளைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சாக்கட்டியால் மேசையில் குறித்தாள். மெத்தையைப் பிரித்து ஸ்பாஞ்சை உருவி எறிந்தாள். வெட்டுத்துணிகளை இறுக்கித் திணித்து இரண்டு உருளைகள் செய்து, இரு பக்கமும் துளைக்கு எட்டாமல் வைத்து, நடுவில் நாலு பட்டையால் இணைத்தாள். மடியில் வைத்தால் மடிக்கணினி பாலம்போல நின்றது. அடியில் காற்று போய்வந்தது. சுருக்கு போய்விட்டது. பேனாப் பையை மட்டும் அம்மா பிரிக்கவில்லை.

அப்பா வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "என்ன, ப்ளைட் எறங்கிடுச்சா?"

வெள்ளிக்கிழமை நாலு மணி. ஏழு கட்டங்கள். ஏழாவது கட்டம் கறுப்பு. மேடம் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் போனது, பதினைந்து போனது. விசிறி தூங்குகிறவர் மூச்சைப்போல ஒரே சீராக, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும்படி ஓடியது. அவளுக்குத் தோள் லேசாகத் தளர்ந்தது.

"டீச்சர், மிக்ஸி நின்னுடுச்சு" என்றது ரெட்டைச் சடை. "இப்ப ரயில் போகுது."

அவளுக்குச் சுரீரென்றது. அம்மாவின் இயந்திரம். இத்தனை நாளும் விசிறியின் ஊளைதான் அதன் கடகடப்பை மூடி மறைத்திருக்கிறது. அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. மிதியில் இருந்த கால்கள் அப்படியே நின்றன.

கறுப்புக் கட்டம் அசையவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பக்கத்து வீடு, தெருவில் வண்டி. காதுமடல் சூடானது. ஆனால் குரலை அவள் ஐம்பதிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ரயில் இல்லடா. எங்கம்மா தைக்கிறாங்க. உங்கள மாதிரிப் பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம். மொத்தம் முப்பது சட்டை, பதினெட்டு முடிச்சுட்டாங்க. எத்தனை பங்கு முடிஞ்சுது, சொல்லுங்க பாப்போம்."

ஆறு தலைகள் குனிந்தன. திரைக்கு மேலாக அவள் எதிரே பார்த்தாள். அம்மா சிலைபோல உட்கார்ந்திருந்தாள். ஊசி கருநீலத் துணியில் பாதி இறங்கி நின்றிருந்தது. கேமராவுக்கு எட்டாத இடத்தில் இவள் இடது கை விரலைச் சுழற்றி, 'தை, தை' என்று சைகை காட்டினாள். அம்மா மாட்டேன் என்று தலையசைத்தாள். இன்னும் பன்னிரண்டு சட்டை. இவள் மறுபடி விரலைச் சுழற்றினாள்.

"அஞ்சுல மூணு!" என்று கத்தியது ரெட்டைச் சடை. "மிச்சம் அஞ்சுல ரெண்டு!"

அம்மா மிதியிலிருந்து இரண்டு காலையும் எடுத்துக் கீழே வைத்தாள். வலது கையை இயந்திரத்தின் சக்கரத்தில் வைத்து, கதவைச் சத்தமில்லாமல் திறப்பதுபோலத் தன்பக்கம் உருட்டினாள். ஊசி மெல்ல இறங்கியது, மெல்ல ஏறியது, ஒரு தையல். மறுபடி உருட்டினாள், இன்னொரு தையல். கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு, அம்மா கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.