மணல்மேட்டுக்கு வைத்த ஒப்பம்

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு இருந்தது. சுனாமியன்று மேடு இல்லாத பக்கத்து வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. மேட்டுக்குப் பின்னால் இருந்த நாங்கள் முழங்கால் தண்ணீரோடு தப்பினோம்.

அந்த வீட்டைத்தான் மகள் நஸ்லியாவுக்கு எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார். நாட்டில் சண்டை முடிந்த மறுவருடம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ் என்று பேசி முடித்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து கம்பனி வந்தது. கடற்கரையில் உல்லாச விடுதி கட்டப் போகிறார்களாம். மேடு மறைப்பதால் அறையிலிருந்து கடல் தெரியாதாம், ஆகவே மேட்டை அள்ள வேண்டுமாம். கடலைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராய் வருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் அதைப் பார்க்காமல் இருக்கத்தானே மேட்டுக்குப் பின்னால் கிடக்கிறோம்.

மேடு இருக்கும்போதே பயம்தான். உலகம் சூடாகிக் கடல் மட்டம் ஏறுகிறது என்று றேடியோவில் சொன்னார்கள். எங்களுக்கு றேடியோ வேண்டியதில்லை. தோணி இழுத்து வைத்த இடம் தண்ணீருக்குள் போய் இரண்டு வருடமாகிறது.

நான் வாய்மூடி இருக்கிற ஆள் இல்லை. ஆட்சேபக் கடிதம் எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே மீனாம்பிகை என்ற உத்தியோகத்தர், நல்ல பிள்ளை, கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு பைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"கைருன்னிஸா அக்கா, மேட்ட அள்ள நீங்கதானே முதலாவதாச் சம்மதம் தந்திருக்கிங்க."

முதல் வரியில் இருந்த கையெழுத்து என் ஒப்பம்தான். எனக்குக் கீழே இன்னும் நூற்றுப் பன்னிரண்டு.

விடுதிக் கதை வெளியே வருமுன்னே, மூன்று மாதத்துக்கு முந்திப் பள்ளிக்கூட மண்டபத்தில் இதே கம்பனி அரிசி, சீனிப் பை கொடுத்தது. இங்கிலீஷிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். பை வாங்கியதற்கான தாள் என்று நினைத்தோம். சுனாமிக்குப் பிறகு நாங்கள் படித்த பாடம் அது: தாளைக் கண்டால் முதலில் ஒப்பம் வை, பிறகு கேள். கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்குக் கூடாரமும் கிடைக்கவில்லை, வீடும் கிடைக்கவில்லை. மண்டபத்தில் அன்று தயங்கி நின்ற பெண்களை, பேர் விடுபட்டுப் போகும் என்று சொல்லி வரிசைக்குத் தள்ளியதும் நான்தான். என் வாயை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பேராவது சம்மதத்தை வாபஸ் வாங்கினால் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார் மீனாம்பிகை. மூன்று நாள் வீடு வீடாக ஏறினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அதுவே வினையாகிவிட்டது. பக்கத்து வீட்டு நஸீறா பேனையைத் தொடவே இல்லை.

"நீங்க சொல்லித்தானே அண்டைக்கு வெச்ச. இனி ஒண்டுக்கும் ஒப்பம் வைக்க மாட்டன்."

அவளுடைய தம்பி சண்டைக் காலத்தில் ஏதோ ஒரு மனுவில் பேர் எழுதினவன். பிறகு வீட்டு வாசலுக்கு வெள்ளை வான் வந்தது, அதில் ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பி வரவே இல்லை. அவளை எப்படிக் கோபிப்பது? ஒன்பது ஒப்பங்களோடு வெள்ளிக்கிழமை போனேன். மீனாம்பிகை அதை வாங்கிப் பைலுக்குள் வைத்து மூடினார்.

அடுத்த கிழமையே மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் வந்தது. பத்து நாளில் மேட்டில் பாதி இல்லை. குசினிக் கதவைத் திறந்தால் நேரே கடல். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சமைத்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய் சல்மா உம்மா வீடு பார்க்க வந்தார். அறைகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். கடைசியாகக் குசினிக் கதவடியில் நின்று நல்ல காற்று வருகிறது என்று சந்தோசப்பட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"புள்ளையள் இதுக்குள்ள பயமில்லாம இருக்கலாம்தானே, மச்சி?"

இல்லை என்றால் நிக்காஹ் நின்றுவிடும். கொடுப்பதற்கு என்னிடம் வேறு வீடு இல்லை.

"ஓம்" என்றேன்.

நஸ்லியா தேத்தண்ணித் தட்டோடு நின்று என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தட்டை வைத்துவிட்டுப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள்.