உதடு படாமல்

தாமஸ் உதடு படாமல் குடித்ததில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்கியது.

தூத்துக்குடியிலிருந்து யாங்கோனுக்குப் பெண் பார்க்க வந்தவன் அவன். முந்தாநாள் தாமுவே பேட்டையில் ரோஸ்லின் வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி; ரோஸ்லினுக்கு அவள் 'அமே'. அவன் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, சொட்டு சிந்தாமல் வாயில் ஊற்றிக்கொண்டான். நம் வீட்டு டம்ளரில் வாய் வைக்கக் கூசுகிறான் என்று அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நாளைக் காலை அவனுக்கு விமானம். அதற்குள் ரோஸ்லின் சரியென்றோ வேண்டாமென்றோ சொல்லியாக வேண்டும்.

ஆள் கெட்டவனாக இருந்தாலாவது தொல்லை விட்டிருக்கும். இன்று அவளோடு போன கடைவீதியில், அரக்குப் பூசிய கிண்ணம் ஒன்றைக் கால்மணி நேரம் புரட்டிப் பார்த்தான்.

"இது உங்கம்மாவுக்குப் பிடிக்குமா?"

வாய் வைக்காத வீட்டுக்குக் கிண்ணம் என்ன கிண்ணம்? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவன் வாங்கியே விட்டான்.

வெயில் தாளாமல் லத்தா பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த ஸ்பெயின் கடைக்குள் ஒதுங்கினார்கள். சிவப்பு ஒயினில் எலுமிச்சைச் சோடா கலந்து, நீண்ட மூக்கு வைத்த கண்ணாடிக் கூஜாவில் வந்தது. டம்ளர் கிடையாது. அந்த ஊரில் இதை உதடு படாமல் தூக்கித்தான் குடிப்பார்களாம், பரிமாறியவர் பர்மியில் சொன்னார். ரோஸ்லின் தமிழில் சொன்னதும் தாமஸ் சாவகாசமாக ஊற்றிக்கொண்டான். பக்கத்து மேசையில் கைதட்டினார்கள். அவள் தூக்கியபோது பாதி கழுத்தில் வழிந்தது.

வந்ததே கோபம்.

"எங்க வீட்டிலயும் இப்படித்தான் குடிச்சீங்க. எங்க அமே பர்மாக்காரின்னுதானே?"

தாமஸ் திருதிருவென்று விழித்தான். "எங்க வீட்ல பத்துப் பேருக்கு ஒரே செம்பு. வாய் வச்சா குட்டு விழும். அடுத்தவங்க குடிக்கிறத எச்சில் பண்ணலாமா? மரியாதைன்னுல்லா நெனச்சேன்."

மரியாதையாம். நிஜமா, சமாளிப்பா? அவள் பையிலிருந்து அந்தக் கிண்ணத்தை வெளியே எடுத்தாள். மிச்ச ஒயினை அதில் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, அவன் பக்கம் நகர்த்தினாள்.

கிண்ணத்தை எடுத்ததும் அவன் கழுத்து பழக்கத்தில் பின்னால் சாய்ந்தது. அவன் நிமிர்ந்தான். அவள் குடித்த இடத்திலேயே உதட்டை வைத்து, பழக்கமில்லாமல் சர்ரென்று உறிஞ்சினான். சட்டையெல்லாம் ஒயின்.

ரோஸ்லின் கைக்குட்டையை நீட்டினாள்.

"அமேக்கு வேற கிண்ணம் வாங்கணும். இது நம்ம எச்சிலாயிடுச்சு."