மேசைமேல் இரண்டு டப்பா

வீட்டிலேயே தோட்டா செய்கிறவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு: மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு வெடிமருந்து டப்பாதான் இருக்க வேண்டும். அமெரிக்காவின் மான்டானாவில் தன் கராஜுக்குள் தலை நீட்டிய அத்தனை பேருக்கும் வெர்லின் இதை ஓதாமல் விட்டதில்லை. அந்த வெர்லினின் மேசைமேல்தான் சனிக்கிழமை காலையில் இரண்டு டப்பாக்கள் மூடியைத் திறந்துகொண்டு நின்றன.

ஒன்று ரைபிளுக்கான மருந்து, நிதானமாக எரியும். மற்றது கைத்துப்பாக்கிக்கானது, சட்டென்று எரிந்து தீரும். அதை ரைபிள் தோட்டாவில் போட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். வியாழக்கிழமை வெர்லின், தங்கை புருஷன் ராய்ஸுக்காக ஒரு பெட்டி ரைபிள் தோட்டா செய்துகொண்டிருந்தார். பாதி வேலையில் பக்கத்துப் பண்ணை மாடுகள் வேலியை முறித்துக்கொண்டு வந்துவிட்டன. விரட்டிவிட்டு வந்தவர், மருந்து அளக்கும் கருவி காலியாகிக் கிடந்ததைப் பார்த்து நிரப்பினார். மிச்சத்தை முடித்தார். எந்த டப்பாவிலிருந்து நிரப்பினார்? அதுதான் தெரியவில்லை.

கருவியில் மிஞ்சியிருந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். இரண்டு மருந்தும் ஒரே மாதிரி கறுப்புப் பொடி. ரைபிள் டப்பா லேசாக இருப்பதுபோல் தோன்றியது. மற்றதைத் தூக்கினால் அதுவும் லேசாகத்தான் இருந்தது.

"ஏங்க, எதுலேர்ந்து ஊத்துனீங்கன்னு கூடவா ஞாபகம் இல்ல?" என்றாள் மனைவி ஜோலீன்.

"இடது கைப்பக்கம் இருந்ததுலேர்ந்து."

"இடது பக்கம் எது இருந்துச்சு?"

வெர்லின் இரண்டு டப்பாவையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வியாழக்கிழமை எது இடது பக்கம் இருந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ராய்ஸோ அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு நேற்றே எல்க் மான் வேட்டைக்கு மலையேறிவிட்டான். அங்கே போன் எடுக்காது.

பிக்கப் வண்டியை அவர் ஓட்டிய ஓட்டத்தில் சரளைக்கல் தெறித்தது. மலைப்பாதையில் பாதி தூரம் போயிருப்பார், எங்கோ ஒரு வெடிச்சத்தம். சாதாரணமாகத்தான் கேட்டது. இல்லை, கொஞ்சம் கனமாகக் கேட்டதோ? அடுத்த சத்தம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டார். வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். உடனே வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். அடுத்ததுதான் அந்தத் தோட்டாவாக இருந்தால்? தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது?

முகாமில் ராய்ஸ் மரக்கட்டைமேல் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். இரண்டு கண்ணும் இருந்தன. பத்து விரலும் இருந்தன.

"சுடாத மாப்ள! என் தோட்டாவ சுடாத! மருந்து மாறியிருக்கும்போல!"

ராய்ஸ் மென்றதை விழுங்கினான். "பதறாதீங்க மச்சான். நான் அத சுடல."

"இன்னும் சுடலியா? நல்ல காலம்!"

"இன்னும் இல்ல... எப்பவுமே சுட்டதில்ல. நீங்க குடுத்த பெட்டியெல்லாம் வீட்டு அலமாரியில அப்படியே இருக்கு. நான் சுடுறது கடைத் தோட்டா."

வெர்லின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிழைத்தான் என்று சந்தோஷப்படுவதா, இத்தனை வருஷம் ஏமாற்றினான் என்று அறைவதா? கடையில் தோட்டா வாங்குகிறவனை ஊர் முழுக்கக் கிண்டல் செய்தவர் அவர். ராய்ஸ் வீட்டுச் சுவரில் தொங்கும் மான் தலையைக் காட்டி, "என் தோட்டா போட்ட போடு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தவர்.

"அப்புறம் எதுக்குடா வாங்கிக்கிட்ட?"

"குடுக்கும்போது உங்க மூஞ்சி அவ்வளவு சந்தோஷமா இருக்கும். வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"முப்பது வருஷத்துல ஒரு தப்பு பண்ணியிருப்பேனா?"

"பண்ணினதா நீங்க சொன்னதில்ல," என்றான் ராய்ஸ்.

அவமானமாக இருந்தது. கோபம் கோபமாகவும் வந்தது. திட்ட வாயைத் திறந்த நேரத்தில் சரிவுக்குக் கீழே ஒரு எல்க் கடா புதரைவிட்டு வெளியே வந்து நின்றது. ராய்ஸ் மூச்சுக் காட்டாமல் தன் ரைபிளை நீட்டினான்.

"நீங்க சுடுங்க மச்சான். உங்களுக்கும் லைசென்ஸ் இருக்கே."

வெர்லின் வாங்கித் தோளில் பொருத்தினார். கடா தலையைத் திருப்பி நின்றது. விரல் விசைக்குப் போய் நின்றுவிட்டது. துப்பாக்கியை மெல்ல இறக்கினார்.

"மாப்ள," என்றார் கிசுகிசுப்பாக, "உள்ள இருக்கிறது கடைத் தோட்டாதானே?"