முட்டுக்கட்டை

மனித குலத்தின் பயத்துக்கு முடிவு கட்டப் பிறந்தவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. யாராவது ஒருவன் செய்தாக வேண்டிய வேலை. எங்கள் வீட்டில் மற்ற இருவருக்கும் நேரம் கிடையாது. அம்மாவுக்குப் பயப்படவே பகல் போதவில்லை. அப்பாவுக்குப் பல் செட் செய்யவும் புல் வெட்டவும் சரியாக இருந்தது.

ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அப்பாவின் தயவில்தான். எங்கள் முன்னறை மேசையில் யார் யாருடைய தாடைகளோ எந்நேரமும் வாயைத் திறந்தபடி காய்ந்துகொண்டிருக்கும். தாடைகளிலிருந்து விடுபட்ட நேரமெல்லாம் அவர் கொட்டகையில் நிற்கும் தோட்ட டிராக்டரோடு இருப்பார். சிவப்பு நிறம், குட்டையான உருவம், அடிவயிற்றில் புல் வெட்டும் தகடு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அம்மா அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "அதுவும் எனக்கு மூத்தவ" என்று சேர்த்துக்கொள்வாள்.

வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்துகொண்டே போய் ஒரு கருங்கல் சுவரில் முடிகிறது. எங்கள் பக்கம் அது முழங்கால் உயரம்தான். எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் இரண்டு ஆள் ஆழத்தில் சாலை. அந்தச் சரிவில்தான் புல் வெட்ட வேண்டும். ஒரு முறை வெட்டியபோது, சுவருக்குப் பக்கத்தில் திரும்புகையில், டிராக்டர் பக்கவாட்டில் ஒரு சாண் வழுக்கியது. அப்பா புல்லில் ஈரம் என்றார். அம்மா டயர் என்றாள்.

டயர்கள் டிராக்டரோடு பிறந்தவை. பின்னால் உள்ள பெரிய டயர்கள் இரண்டிலும் பக்கவாட்டில் கறுப்புக் கோடுகளாக வெடிப்பு ஓடியிருந்தது. தமிழில் கோடு விழுந்தாலும் வெடிப்பு, டமார் என்று சிதறினாலும் வெடிப்பு. ஆகவே உன் பயத்துக்குக் காரணம் டயர் இல்லை, அகராதி என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவள் அகராதியை விட்டுவிட்டுக் கடைக்குப் போய் இரண்டு புது டயர்களை வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவை கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றன, பெண் பார்க்க வந்தும் யாரும் காபி கொடுக்காத மாப்பிள்ளை வீட்டார் போல.

"குதிகால்ல கூடத்தான் எனக்கு வெடிப்பு இருக்கு. அதுக்காகக் காலையா மாத்துவாங்க?" என்றார் அப்பா.

"உங்க குதிகால்ல காத்து அடைச்சு வைக்கலையே."

"அசல் அசல்தான். இந்த டயர் செஞ்ச கம்பெனியே இப்போ இல்ல. கழட்டிட்டா அப்புறம் அது வேற வண்டி."

"ஊர்ல ஒருத்தர் வாயில அசலை விட்டு வைக்கல நீங்க. டயருக்கு மட்டும் என்ன அசல் வேண்டிக்கிடக்கு?"

அப்பா நாக்கால் தன் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டார்.

டயர் மாறும்வரை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்வது என்று அம்மா முடிவு செய்தாள். பழைய கதவு நிலையிலிருந்து முக்கோணமாக ஒரு கட்டை அறுத்து வாங்கினாள். சக்கரத்தடியில் சொருகும் முட்டுக்கட்டை. அப்பா சரிவில் இறங்கும்போதெல்லாம் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, சற்றே குனிந்து, பின்சக்கரத்தைப் பார்த்தபடி கூடவே நடப்பாள். அப்பாவின் எல்லாக் காரியத்துக்கும் முட்டுக்கட்டை போடுகிறாள் என்று உறவினர்கள் பேச்சுவாக்கில் சொல்லிவந்ததை அவள் ஒரு பொருளாகவே செய்துவிட்டாள். அவ்வளவு எடையுள்ள இரும்பு உருள ஆரம்பித்தால் ஒரு கட்டை நிறுத்தும் என்பது அம்மாவின் இயற்பியல். நான் அவள் பின்னாலேயே அதே மாதிரி குனிந்து, கையில் தலையணையோடு, நடந்து காட்டுவேன். அப்பா சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கில் சாய்ந்துவிடுவார்.

கடைசியில் வழக்கு என்னிடம் வந்தது. "நீயே சொல்லுடா, மாத்தணுமா வேண்டாமா?" என்றார் அப்பா. நான் எழுந்து நின்றேன். எச்சரிக்கை என்பது மெதுவாகச் சாகும் முறை என்றும், பயந்தவர்கள் யாரும் சக்கரத்தையே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்றும் உரையாற்றி, பழைய டயருக்கே என் ஓட்டு என்றேன். அப்பா கைதட்டினார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"சரிப்பா. சித்திக்கு ஆபரேஷன், நாளைக்கு நான் போயாகணும். ஓட்டுப் போட்டவன் நீ. கட்டையை நீ பிடி."

"தலையணை போதும்மா எனக்கு."

அவள் சிரிக்கவில்லை. கட்டையைக் கொட்டகை வாசலில், கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அப்பா டிராக்டரை வெளியே எடுத்தார். "பின் டயர்ல காத்து கம்மியா இருக்குடா, கொஞ்சம் அடி" என்றார். நான் பம்பை மாட்டிக் காலால் மிதித்தேன். அந்த டயருக்கு அவ்வளவு பக்கத்தில் என் முகம் போனது அன்றுதான். ஒவ்வொரு மிதிக்கும் டயர் உப்பியது. ஒவ்வொரு உப்பலுக்கும் வெடிப்பு வாயைத் திறந்தது. ஒன்றின் உள்ளே விரலை வைத்துப் பார்த்தேன். நகம் முழுதாக இறங்கியது. அடியில் ரப்பர் இல்லை. நூல் தட்டுப்பட்டது, பழைய சட்டைக் காலர் போலப் பிசிறு பிசிறாக. எங்கோ உள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மிதிப்பதை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. காத்திருந்தேன். மறுபடி 'டிக்'.

மாற்றிவிடலாம் அப்பா என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். முந்தைய நாள் ஆற்றிய உரை முழுவதும் குறுக்கே நின்றது.

"அப்பா, மழை வர்ற மாதிரி இருக்கு."

அவர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை. "உனக்குக் கண்ணாடி போடணும்டா" என்றவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார்.

கொட்டகை நிழலில் நின்று பார்த்தேன். மேல்வரிசையில் போய்த் திரும்பினார். சரிவில் கொஞ்சம் இறங்கினார். வண்டியின் எடை முழுவதும் சுவர்ப் பக்கத்துப் பின்சக்கரத்தில் அமர்ந்தது. டயர் அடியில் அகன்று பிதுங்கியது. அப்போதுதான் அவர் உட்கார்ந்திருக்கும் விதம் கண்ணில் பட்டது. இருக்கையில் பாதிதான் உட்கார்ந்திருந்தார், மேட்டுப் பக்கத்துப் பாதியில். அந்தப் பக்கத்துக் கால் மிதிபலகையில் இல்லை. புல்லை உரசாத குறையாக வெளியே தொங்கியது, குதிக்கத் தயாராக. சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கில் சாய்ந்த நாட்களிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா? நான் அப்போதெல்லாம் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வண்டி அடுத்த வரிசைக்கு இறங்கியது. இன்னும் இரண்டு திருப்பத்தில் சுவர்.

கட்டை நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அம்மா பிடித்த இடம் இருபுறமும் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் விரல்கள் அங்கேயே போய் உட்கார்ந்தன. வெட்டிய புல் தெறித்து முழங்காலில் ஒட்ட, பெட்ரோல் புகையில் கண் எரிய, சுவர்ப் பக்கத்துப் பின்சக்கரத்தின் அருகே போய் அதோடு நடந்தேன். நிமிர்ந்து நடந்தால் டயர் சரியாகத் தெரியவில்லை. குனிந்துகொண்டேன். நகம் இறங்கிய அந்த வெடிப்பு மேலே வரும்போது மூடியிருந்தது. தரையைத் தொடும்போது திறந்தது. மேலே வந்து மூடிக்கொண்டது. மீண்டும் கீழே போனது.

அப்பா திரும்பிப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். என்னவோ சொன்னார், உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. இருக்கையில் இன்னும் கொஞ்சம் மேட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டு, சுவரை நோக்கி ஸ்டியரிங்கை மெதுவாக, மிக மெதுவாக ஒடித்தார்.